வெளியே நின்ற இருபத்தொன்பது நாட்கள்

அறிவிப்புப் பலகையில் பதினேழு பெயர்கள் இருந்தன. பதினோராவது பெயர் ஹிபாவுடையது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் மேலிருந்து எண்ணினேன். பதினேழுதான். பதினோராவது அவள்தான். பெயருக்கு நேராக, ‘காலை முதல் வகுப்பு, ஆர்கானிக் வேதியியல், நடந்தவை 60, வந்தவை 31’ என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அதன் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு.

சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த ஈர வாசனையோடு, பக்கத்து ஆய்வுக்கூடத்திலிருந்து அழுகிய முட்டை நாற்றமும் வந்தது. ஹிபா என் பக்கத்தில் நின்றாள். சாம்பல் நிறத் தலைத்துணி. துணிப்பையை இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

“எழுபத்தஞ்சு சதவீதம் வேணும். அறுபதுக்கு நாப்பத்தஞ்சு. உன்னோடது அம்பத்தொண்ணு புள்ளி ஆறு ஏழு,” என்றேன்.

“நான் தினமும் வந்தேன், அங்கிள்.”

“வந்தவளுக்கு எப்படி இருபத்தொன்பது நாள் ஆப்சென்ட் விழும்?”

“தினமும் வந்தேன். அறுபது நாளும்.”

அவள் பேசுவது ஆங்கிலம். நடுநடுவே, அவள் தங்கியிருக்கும் டோலிசௌகிப் பகுதியில் கற்றுக்கொண்ட இந்தி. இங்கே நான் தமிழில் எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. அதை விட அதிகமாகப் பயம் வந்தது. வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாத வெளிநாட்டு மாணவருக்குத் துறை, ‘இவர் எங்கள் மாணவர்’ என்ற சான்றிதழைக் கொடுக்காது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் விசாவை நீட்டிக்க மாட்டார்கள்.

பட்டியலிலிருந்த மற்ற பதினாறு பேருக்கு ஒரு பருவம் வீணாகும், வீட்டில் திட்டு விழும், அவ்வளவுதான். ஹிபா சூடான் நாட்டுப் பெண். அவள் இங்கே படிக்க இடம் வாங்கிய சமயத்தில்தான் அங்கே சண்டை மூண்டது. அவர்கள் தெருவில் நின்றுகொண்டிருக்கும் வீடுகளை விட இடிந்தவை அதிகம். அம்மாவும் இரண்டு தங்கைகளும் எல்லை தாண்டி எகிப்தில் ஓர் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். இவளை அங்கே அனுமதிப்பார்களா என்பதே சந்தேகம். இந்த நாட்டை விட்டுப் போ என்று சொன்னால் அவள் எந்த விமானத்தில் ஏறுவது?

இதையெல்லாம் அந்தப் பலகையின் முன்னால் நின்று யோசித்தேன். அவளும் யோசித்திருப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முப்பத்து நான்கு விதிகள்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சென்ற வாரப் பத்தியில் லாலாகுடா ரயில்வே பட்டறையின் சங்கைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரு வாசகர், அது நாளைக்கு நான்கு முறை ஊதுமா ஐந்து முறையா என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஐந்து முறை. அரக்கோணத்திலிருந்து அந்தப் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர் என் அப்பா. நான் அந்தச் சங்கை எண்ணியே நேரம் கற்றுக்கொண்டவன்.

எண்ணும் பழக்கமே பிழைப்பாகவும் ஆனது. தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு மாடிப்படிகள்தான் மிச்சம் என்று நினைத்தேன். அவை பத்தொன்பது.

அந்தப் படிகளுக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. அதற்கு ஆப்கானிஸ்தானத்திலிருந்து ஃபரீத் என்ற மாணவன் வந்து சேர்ந்தான். வெளிநாட்டவர் ஒருவர் தங்க வந்தால், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பியாக வேண்டும். நான் ஒன்றரை மணி நேரத்தில் நிரப்பினேன். பக்கத்துத் தெரு வீட்டுக்காரர் ஒருவர் நான்கு நாளாகியும் நிரப்பாமல் மாட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். அவர் வீட்டில் ஏமன் நாட்டு மாணவர்கள் இரண்டு பேர். அப்படித்தான் ஆரம்பித்தது.

படிவத்துக்குப் பிறகு வங்கிக் கணக்கு. அதற்குப் பிறகு சிம் கார்டு. பிறகு, ‘அங்கிள், ஆட்டோக்காரர் பர்ஸோன் வந்தேன் என்கிறார், அது எந்தக் கிழமை?’ என்கிற மாதிரிக் கேள்விகள். ஒரே பதிலை எட்டுத் தடவை சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். மேலே ‘வெளிநாட்டு மாணவர்கள் கவனத்துக்கு’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே முப்பத்து நான்கு விதிகள்.

நான்காவது விதி, ‘ஐந்து நிமிடம் என்று யார் சொன்னாலும் அரை மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளவும்.’ இருபத்திரண்டாவது, ‘பர்ஸோன் என்றால் நேற்று முன்தினம் என்று அகராதி சொல்லும். இந்த ஊரில் அது நேற்றிலிருந்து போன வருடம் வரை எந்த நாளாகவும் இருக்கலாம்.’

இந்தத் தாள் நன்றாகவே வேலை செய்தது என்று சொல்லிக்கொள்வேன். ஆறு ஆண்டுகளில் ஒன்பது நாடுகளிலிருந்து நாற்பத்தொரு பேர் என் கை வழியாகப் போயிருக்கிறார்கள். முப்பத்தேழு பேர் பட்டம் வாங்கிவிட்டார்கள். ஒருத்தி பல் மருத்துவர். ஒருவன் கச்சிபௌலியில் பன்னிரண்டாவது மாடியில் உட்கார்ந்து எனக்குப் புரியாத ஏதோ வேலை செய்கிறான். பண்டிகைக்குப் பண்டிகை, அது எந்த மதத்துப் பண்டிகையானாலும், ஒரு பிரியாணிப் பாத்திரத்தோடு வந்து நிற்பான். ஃபரீத் பாதியில் கனடா போய்விட்டான். மிச்சம் மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி ஹிபா.

என் பெண்டாட்டி வசந்தாவுக்கு இந்தத் தாளைக் கண்டால் சிரிப்பு. அவளும் லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்தவள். தமிழில் ஆரம்பித்து உருதில் முடிப்பாள்.

“ஏங்க, அந்தப் பிள்ளைங்க நாட்டுல குண்டு விழுதாம். இங்க வந்தா உங்க முப்பத்து நாலு. கைக்கு இந்தக் கொடுமை?” ‘கைக்கு’ என்றால் இந்த ஊர் உருதில் ‘எதற்கு’ என்று அர்த்தம்.

பொட்டு வைத்து அழைக்கணுமா

பலகையைப் பார்த்த கையோடு, அந்த வகுப்பை எடுக்கும் பேராசிரியர் வெங்கடரமணாவின் அறைக்குப் போனேன். ஹிபாவை வெளியே உட்காரச் சொன்னேன். அவர் தெலுங்குக்காரர், என்னை விடப் பன்னிரண்டு வயது இளையவர். முன்கோபக்காரர் என்று பேர். மேசையில் விடைத்தாள்கள் ஏழு கட்டுகளாக இருந்தன. தெலுங்கிலேயே பேசினோம்.

“உட்காருங்க தாமோதரன்காரு. அந்தப் பொண்ணு விஷயம்தானே?”

“தினமும் வந்தேங்கறா.”

“வந்தா. நான் எங்க இல்லைன்னேன்? பாதி நாள் வகுப்புக்கு வெளியே நின்னா. அந்தச் சாம்பல் கலர் துணி எனக்குத் தெரியும். வராந்தாவுல நின்னு போன் பாத்துக்கிட்டு இருப்பா.”

“நீங்க உள்ள கூப்பிடலையா?”

“ஏமண்டி, எம்.எஸ்ஸி. படிக்கற பொண்ணுக்குப் பொட்டு வச்சு அழைக்கணுமா? லேட்டா வர்றவங்க பின் கதவு வழியா சத்தமில்லாம வந்து உட்காருவாங்க. வகுப்பு முடிஞ்சதும் மேசைகிட்ட வந்து நிப்பாங்க. நான் திட்டுவேன். திட்டிட்டு வருகை போட்டுடுவேன். இருபது வருஷமா இப்படித்தான் நடக்குது. அவ வந்து நிக்கவே இல்ல.”

நான் எழுந்து வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் அவள் அதே நிலையில், பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் உள்ள போகல?” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எதிரே போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹிபா பையைத் திறந்தாள். உள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். கிழியாமல் இருக்க அதற்கு லேமினேஷன் போட்டிருந்தாள். என்னுடைய தாள். பதினோராவது விதியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

‘ஆசிரியர் வகுப்புக்குள் வந்துவிட்ட பிறகு உள்ளே நுழையக் கூடாது. வாசலில் நிற்கவும். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டுமே உள்ளே போகவும்.’

“அவர் கூப்பிடலை, அங்கிள்,” என்றாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த விதி வந்த இடம்

லாலாகுடாவில் ரயில்வே பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். பிரார்த்தனை முடிந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், பிறகு வருகிறவன் வாசலில்தான். அவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சில நாள் ஐந்து நிமிடத்தில் கூப்பிடுவார். சில நாள் மணி அடிக்கும் வரை கூப்பிட மாட்டார். ஆனால் ஒருநாள் கூட மறந்துபோய்க் கூப்பிடாமல் விட்டதில்லை. அவருடைய பார்வை வாசலுக்கு வந்து வந்து போகும். நம்மை நிறுத்தி வைத்திருப்பது அவருக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரியும்.

நான் நான்கு முறை அப்படி நின்றிருக்கிறேன். அதை ஒரு நாட்டின் வழக்கம் என்று எண்ணிக்கொண்டு அறுபது வருடம் கழித்துத் தாளில் எழுதிவிட்டேன். எழுதுவதற்கு முன் இன்றைய வகுப்பு ஒன்றில் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். பல்கலைக்கழகம் என் வீட்டிலிருந்து ஆயிரத்து நூறு காலடி தூரம்தான்.

மற்ற நாற்பது பேரில் யாரும் அந்த விதியைக் கடைப்பிடிக்கவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எல்லோரும் பின் கதவு வழியாகவே போயிருக்கிறார்கள். என்னிடம் சொன்னால் மனம் வருந்துவேன் என்று சொல்லவில்லையாம்.

“மத்தவங்க பின்னால நுழையறதை நீ பாக்கலையா?” என்று ஹிபாவிடம் கேட்டேன்.

“பார்த்தேன். அவங்க இந்த ஊர்க்காரங்க. தாள்ல வெளிநாட்டு மாணவர்களுக்குன்னு போட்டிருக்கே. எங்களுக்கு வேற விதின்னு நினைச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, “எங்களுக்கு எல்லாத்துக்கும் வேற வரிசைதானே, அங்கிள்,” என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. விமான நிலையத்திலும் வங்கியிலும் போலீஸ் அலுவலகத்திலும் அவள் பார்த்ததைத்தான் சொன்னாள்.

அவள் ஏன் தாமதமாக வந்தாள் என்பதற்கும் நானே பாதிக் காரணம். சூடான், சோமாலியாப் பெண்கள் நிறைய பேர் டோலிசௌகிப் பக்கம்தான் தங்கியிருக்கிறார்கள். தன் மொழி பேசுகிறவர்களோடு இருந்தால் மனசுக்கு ஆறுதல் என்று நான்தான் அங்கே ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்தேன். அந்த விடுதிக் கதவைக் காலை ஏழரைக்கு முன் திறக்க மாட்டார்கள். அங்கிருந்து மெஹதிப்பட்டணம், அங்கே பஸ் மாறி, பல்கலைக்கழகம் இருக்கும் தார்நாகா. சாலை விட்டுக்கொடுத்த நாளில் ஒன்பதுக்கு வந்துவிடுவாள். அப்படி முப்பத்தொரு நாள். மற்ற நாட்களில் ஒன்பது ஐந்து, ஒன்பது பத்து.

“வெளிய நின்னு என்ன செஞ்சே? போன் பாத்தியா?”

அவள் மறுபடியும் பையில் கை விட்டாள்.

காலிக் கட்டங்கள்

நீள நோட்டு, இருநூறு பக்கம். ஒவ்வொரு நாளும் தேதி போட்டிருந்தாள். அறுபது தேதிகள். நான் எண்ணினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

முப்பத்தொரு நாட்களின் பக்கங்கள் எல்லா மாணவர்களுடையதையும் போல இருந்தன. எழுத்து, சமன்பாடு, அறுகோணங்கள், அம்புக்குறிகள். மற்ற இருபத்தொன்பது நாட்களின் பக்கங்களில் எழுத்து மட்டும் இருந்தது. படம் வர வேண்டிய இடங்களில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, உள்ளே எதுவும் இல்லாமல் விட்டிருந்தாள்.

“அங்கேர்ந்து குரல் கேக்கும். போர்டு தெரியாது,” என்றாள். “சார் ‘இங்கே பாருங்க’ன்னு சொன்னா ஒரு கட்டம். ரொம்ப நேரம் சாக்பீஸ் சத்தம் கேட்டா பெரிய கட்டம்.”

நோட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு திரும்பவும் பேராசிரியரின் அறைக்குப் போனேன். இந்த முறை ஹிபாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் தாளைக் கொடுத்தேன். “தப்பு என்னோடது,” என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு மூன்று தெலுங்கு வார்த்தைகள் போதுமாக இருந்தன.

அவர் தாளை முழுக்கப் படித்தார். பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டாவது விதியில் லேசாகச் சிரித்தார். கடைசியில், “இருபத்தெட்டு சரி. ஆறு தப்பு,” என்று சொல்லிப் பக்கத்தில் தள்ளி வைத்தார்.

பிறகு நோட்டைப் பிரித்தார்.

முதல் சில பக்கங்களை வேகமாகப் புரட்டினார். அப்புறம் வேகம் குறைந்தது. ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்துத் தனக்குத்தானே ஏதோ பெயர் சொல்லிக்கொண்டார். அந்த இடத்தில் தான் என்ன வரைந்தோம் என்று அவருக்கு நினைவு இருந்தது. அவர் சொன்ன எல்லாவற்றையும் அவள் எழுதியிருந்தாள். இருமியதைக் கூட. ஒரு பக்கத்தில், ‘சார் தெலுங்கில் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பிறகு கேட்க வேண்டும்’ என்று இருந்தது.

“கேட்டியா?” என்றார், தலையைத் தூக்காமல்.

“யாருக்கும் ஞாபகம் இல்லை, சார்.”

இன்னும் சில பக்கங்கள் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். நான் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்தேன். ஆங்கிலத்தில், அதே நிதானமான கையெழுத்தில், பாடத்தின் நடுவே ஒரு வரி:

‘சார் சொன்னார்: யாரது வாசலில், வெளிச்சத்தை மறைக்காதே. நான் இடது பக்கம் இரண்டு அடி நகர்ந்துகொண்டேன்.’

அதற்கு அடுத்த வரியிலிருந்து பாடம் தொடர்ந்தது.

அவர் நோட்டை மூடினார். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது உதையில் கிளம்பியது.

“பதிவேட்டைத் திருத்த முடியாது,” என்றார். “அறைக்குள்ள இருக்கறதுதான் வருகை. நான் பொய்யா எழுத மாட்டேன்.”

“நானும் கேக்கல.”

“ஈடு வகுப்பு எடுக்கலாம். விதியில இருக்கு. யாரும் எடுக்கறதில்ல. தேர்வுக்கு முன்னால பதினெட்டு வேலை நாள் இருக்கு. எத்தனை மணி குறையுது?” கடைசிக் கேள்வியை மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார்.

“பதினாலு,” என்றோம், ஹிபாவும் நானும் ஒன்றாக.

“தினமும் காலை ஒன்பது மணி. அதே அறை. பாடம் நடத்த மாட்டேன், அது அவகிட்ட இருக்கு. படம் மட்டும் வரைவேன்.” பிறகு அவளைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: “ஒரு நிமிடம் தாமதமானாலும் அன்று வருகை இல்லை. நான் துறைக்கு எழுதிக் கொடுக்கப்போவது கையெழுத்துப் போட்ட அறிக்கை. புரிகிறதா?”

“புரியுது, சார்.”

பதினான்கா, ஐம்பத்தாறா

வீட்டுக்கு நடக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. ஈடு வகுப்புகளை வந்த கணக்கில் மட்டும் சேர்ப்பார்களா, நடந்த கணக்கிலும் சேர்ப்பார்களா? நடந்த கணக்கிலும் சேர்த்தால் அறுபது என்பது கூடிக்கொண்டே போகும். அப்போது பதினான்கு மணி நேரம் போதாது. போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தாறு வேண்டும். பதினெட்டு நாளில் ஐம்பத்தாறு மணி நேரம் எந்தப் பேராசிரியர் கொடுப்பார்?

திரும்பி நடந்தேன். அலுவலகத்தில் கண்காணிப்பாளர் அம்மாவைக் கேட்டேன். வந்த கணக்கில் மட்டும்தான் சேரும் என்றார். மறுநாள் போய்க் கேட்டேன். அதற்கு மறுநாளும் போனேன்.

“சார், இதே கேள்வியை மூணு நாளா கேக்கறீங்க. பதிலும் மூணு நாளா அதேதான்,” என்றார் அவர். விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்தே கொடுத்துவிட்டார். அப்புறம்தான் தூங்கினேன்.

அடுத்த கவலை பஸ். விடுதிக் கதவு ஏழரை. சாலையின் தயவில் பாதி நாள் தாமதம். பதினெட்டில் பாதி ஒன்பது. ஒன்பது போதாது.

வசந்தா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பதினோராவது விதியைச் சொல்லும்போது கை நின்றது.

“ஏங்க, மேல் ரூம் சும்மாத்தானே கெடக்கு.”

“பொம்பளப் பிள்ளையக் கூட்டி வந்து வச்சுக்கறது பெரிய பொறுப்பு, வசந்தா.”

“ஆமா. வெளிய நிக்க வச்சது மட்டும் சின்னப் பொறுப்பு.”

அன்றைக்கே இடம் மாற்றப் படிவத்தை நிரப்பினேன். நாற்பது நிமிடம் ஆனது.

ஹிபா ஒரு பெட்டியும் இரண்டு பைகளுமாக வந்தாள். ஒரு பையிலிருந்து காய்ந்த கருஞ்சிவப்புப் பூக்களை எடுத்து வசந்தாவிடம் கொடுத்தாள். அவர்கள் ஊரில் அதைக் கொதிக்க வைத்து, சர்க்கரை போட்டுக் குடிப்பார்களாம். வசந்தா ஒரு பூவைக் கடித்துப் பார்த்தாள்.

“அட, இது நம்ம கோங்கூராவோட அக்காடி. புளிப்பு பாரு.”

அவள் சொன்னது தமிழ். இந்த ஊரில் புளிச்சக்கீரைக்குக் கோங்கூரா என்று பெயர்; ஹிபாவுக்கு அது மட்டும் புரிந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லாமே சிவப்பாகவும் புளிப்பாகவும் இருந்தன.

“இன்னொரு கிளாஸ்?” என்பாள் ஹிபா.

“நக்கோ, நக்கோ,” என்பேன். ஊற்றிவிடுவாள். மறுப்பை மதிக்காமல் ஊற்றுவதை அவள் இங்கே வந்து கற்றாளா, வரும்போதே கொண்டுவந்தாளா என்று தெரியவில்லை.

ஒன்பது மணி

முதல் நாள் நானும் கூடப் போனேன். எட்டு முப்பத்தெட்டுக்கு அறை வாசலில் இருந்தோம். எட்டு ஐம்பத்தைந்துக்குப் பேராசிரியர் வந்தார். பதிவேட்டை மேசையில் வைத்தார். அறுபது பேர் உட்காரும் அறையில் ஒரே ஒருத்தி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார்.

“பிரசன்ட், சார்.”

நான் வராந்தாவில், அவள் நின்ற இடத்தில், வெளிச்சத்தை மறைக்காமல் இடது பக்கம் இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தேன். போர்டு தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் கதவின் பச்சை வண்ணமும் ஒரு மின் சுவிட்சும்தான். குரல் கேட்டது. சாக்பீஸ் சத்தமும் கேட்டது. இருபது நிமிடத்தில் எனக்குக் கால் கடுத்தது. இருபத்தொன்பது நாள், நாளுக்கு ஐம்பது நிமிடம் என்று கணக்குப் போட ஆரம்பித்து, முடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நிரப்ப வேண்டிய கட்டங்கள் நூற்று எழுபத்து மூன்று. தினமும் சாயங்காலம் எத்தனை நிரம்பின என்று கேட்பேன். முதல் நாள் பதினொன்று. இரண்டாம் நாள் பன்னிரண்டு. நான்காம் நாள் எட்டுதான்.

“ஏன் எட்டு?”

“சார் அந்தத் தெலுங்கு ஜோக்கைச் சொன்னார், அங்கிள். அப்புறம் அதை இங்கிலீஷ்ல விளக்கினார். அதுக்கே கால் மணி நேரம் ஆச்சு.”

“சிரிப்பு வந்ததா?”

“இல்லை. ஆனா சிரிச்சேன்.”

இரண்டாவது வாரத்தில் பட்டியலிலிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். பேராசிரியர் அவர்களைத் தடுக்கவில்லை. அவர்களுக்கும் வருகை போட்டார். ஒருநாள் மட்டும், மூன்று பேர் ஒன்பது இரண்டுக்கு நுழைந்தபோது, வருகை இல்லை என்றாராம். அவர்களில் ஒருவன், ஹிபாவுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்டிருக்கிறான். அவர் அவளுடைய நோட்டை வாங்கி அவன் கையில் கொடுத்து, படித்துவிட்டுத் திருப்பிக் கொடு என்றாராம். மறுநாளிலிருந்து அவன் எட்டே முக்காலுக்கு வந்தான்.

பதினான்காம் நாள் பேராசிரியர் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறுபதுக்கு நாற்பத்தைந்து. மிகச் சரியாக எழுபத்தைந்து சதவீதம். கண்காணிப்பாளர் அம்மா என்னைப் பார்த்ததும், “கேள்வி எதுவும் இல்லையே, சார்?” என்று கேட்டுவிட்டுத் தேர்வுச் சீட்டை ஹிபாவின் கையில் கொடுத்தார். அதில் அவள் புகைப்படத்தின் மேல் துறையின் முத்திரை நீலமாக விழுந்திருந்தது. சான்றிதழும் இரண்டு நாளில் வந்துவிடும் என்றார்.

அவள் அந்தச் சீட்டை அங்கேயே படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். நாங்கள் கேட்டுக்கு வருவதற்குள் போன் அடித்தது. அரபியில் அந்த அம்மாள் பேசியது எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஹிபா போனை என் பக்கம் திருப்பினாள். திரையில், சுவரோரம் மெத்தைகள் அடுக்கிய ஓர் அறையில், மூன்று பெண்கள் நெருக்கி உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் கையசைத்தேன். என்ன தப்புச் செய்தவன் நான் என்று அவர்களுக்கு அவள் சொல்லியிருக்கவில்லை. அதை அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பதினைந்தாம் நாள்

மறுநாள் காலை எட்டரை மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹிபா பையோடு இறங்கி வந்தாள்.

“எங்க கிளம்பிட்டே? பதினாலு முடிஞ்சுதே.”

“வகுப்புக்கு, அங்கிள்.”

“வருகைதான் வந்தாச்சே.”

“கட்டம் பாக்கி இருக்கு. ஒன்பது.”

“சார் வருவாரா?”

“அவர்தான் வரச் சொன்னார்.”

அவள் போய்விட்டாள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பேப்பரைப் பிரித்தேன், மடித்தேன். “போய்ட்டுதான் வாங்களேன்,” என்றாள் வசந்தா உள்ளிருந்து. ஆயிரத்து நூறு காலடி நடந்தேன். போய்ச் சேரும்போது ஒன்பதரை ஆகிவிட்டது.

மேசையில் பதிவேடு இல்லை. பேராசிரியர் மாணவர்கள் உட்காரும் பெஞ்சில், முதல் வரிசையில், ஹிபாவின் நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாக்பீஸ் அவள் கையில் இருந்தது. அவள் போர்டில் வரைந்தாள். அவர் பார்த்துத் தலையசைத்ததும் அதே படத்தை நோட்டுக் கட்டத்துக்குள் தானே பேனாவால் வரைந்தார். ஒரு இடத்தில், “அம்பு எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அவள் அழித்துவிட்டுத் திருப்பிப் போட்டாள். அவளைத் தவிர ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் யாருக்கும் இனிமேல் வருகை தேவையில்லை.

எனக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. ஆராய்ச்சிக்கூடத்தில் என் பெயர் பத்தொன்பது கட்டுரைகளின் அடிக்குறிப்பில் வந்திருக்கிறது. அவற்றை நான் யாருக்கும் எடுத்துக் காட்டியதில்லை. அன்றைக்கு அந்த வராந்தாவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் கையைப் பிடித்து நிறுத்தி, உள்ளே பாருங்கள், அந்தப் பெண் எங்கள் வீட்டுப் பெண் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. யாரும் வரவில்லை. நான் வாசலிலேயே நின்றேன்.

ஹிபா திரும்பிப் பார்த்தாள். மூக்கில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது.

“அங்கிள், அங்க நின்னா போர்டு தெரியாது,” என்றாள். “பின் கதவு திறந்துதான் இருக்கு.”

பேராசிரியர் திரும்பவே இல்லை. நான் வராந்தாவோடு நடந்து, பின் கதவு வழியாக, செருப்புச் சத்தம் கேட்காமல் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்னும் நான்கு கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டம் பத்து மணி ஏழு நிமிடத்துக்கு நிரம்பியது.